பத்தாம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்



"டீச்சர், நர்சிங் சேரணும்" என்று என் பழைய மாணவி ஒருத்தி பிளஸ் டூ சான்றிதழோடு வந்தாள். நல்ல மதிப்பெண், ஆனால் காமர்ஸ் குரூப். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும் என்றேன். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பட்டப்படிப்பு 4 ஆண்டு. பட்டயப்படிப்பு 3 ஆண்டு. அதை முடித்துச் செவிலியராகப் பதிவு செய்தவர்கள் மேலும் 2 ஆண்டு படித்துப் பட்டம் பெறலாம். மாணவர்களும் செவிலியராகலாம், அவர்களையும் அழைத்துச் சொல்லுங்கள்.

குரூப் தேர்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன், "என்னவாக விரும்புகிறாய்?" என்று ஒரு முறை கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.