வீடு கட்டும் முன் வருமானத்தை அளப்போம்

(கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் ஆற்றிய உரை)



"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்று நம் பெரியவங்க சும்மா சொல்லி வைக்கலை. போன மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து நின்று அழுதுவிட்டார். சுவர் எழுப்பியாச்சு, கூரை போடப் பணமில்லை. மூன்று இடத்தில் வாரக் கடன் வாங்கினார். கூரை வந்தது, இப்போது வாரத்தில் மூன்று நாள் வாசலில் ஆள் நிற்கிறார்கள். அன்று அவருக்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

"திருப்பூருக்குப் போனவங்க எல்லாம் சம்பாதிச்சு வீடு வாங்கிட்டாங்க, நாமதான் இப்படியே இருக்கோம்" என்று அடிக்கடி பேசிக்கொள்கிறோம். உண்மைதானா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களும் பாருங்க.

நம் ஊரில் புருஷன், பெண்டாட்டி இருவரும் கூலிக்குப் போய் மாதம் 10,000 ரூபாய் வருகிறது என்று வைப்போம். வருடத்துக்கு 1,20,000. வீட்டு மனை சொந்தம். 360 சதுர அடியில் வீடு கட்ட, சதுர அடிக்கு 2,000 ரூபாய் வீதம் 7,20,000 ஆகும். அதாவது 6 வருட வருமானம்.

திருப்பூரில் இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். மாதம் 25,000, வருடத்துக்கு 3,00,000. ஆனால் அங்கே மனை வாங்க வேண்டும். சென்ட் 6 லட்சம் என்றால் 2 சென்டுக்கு 12 லட்சம். கட்டடச் செலவும் சேர்த்து 19,20,000. அதுவும் 6 வருட வருமானத்துக்குக் கொஞ்சம் மேல்தான்! கூலி இரண்டரை மடங்கு கூடினாலும் வீடு பக்கத்தில் வரவில்லை பாருங்கள். வேலை இருக்கிற ஊருக்கு ஜனம் போகுது. ஜனம் போன இடத்தில் மனை விலை ஏறுது. அதனால் வீட்டின் விலையை மட்டும் பார்க்காதீங்க. அது எத்தனை வருட வருமானம் என்று பாருங்க. அதுதான் சரியான அளவுகோல்.

மாநிலத்துக்கு மாநிலமும் இந்த வித்தியாசம் உண்டு. 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி அரியானாவில் 374 ரூபாய், நம் தமிழ்நாட்டில் 319, பீகாரில் 245. ஒரு மூட்டை சிமெண்ட் 350 ரூபாய் என்றால், அரியானா பெண் ஒரு நாள் வேலையில் வாங்கிவிடுவாள். நமக்கு ஒரு நாளைக்கு மேல் ஆகும். பீகார் பெண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள். கம்பி, சிமெண்ட் விலை நம் கூலியைப் பார்த்து இறங்காது.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் அரசு உதவி. 2016இல் தொடங்கிய பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1,20,000 ரூபாயும், மலைப்பகுதிக்கு 1,30,000 ரூபாயும் நிர்ணயித்தார்கள். நம் மாநில அரசு 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் வைத்தார்கள். இப்போது யாருக்குக் கிடைக்கும், பட்டியலில் உங்க பெயர் இருக்கிறதா என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

நம் கணக்குக்கு வருவோம். 7,20,000இல் 3,50,000 உதவி கிடைத்தால் மீதி 3,70,000. இதை எங்கே வாங்குகிறோம் என்பதில்தான் குடும்பம் நிமிர்வதும் சாய்வதும். வங்கி வீட்டுக் கடன் 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்குக் கிடைத்தால் லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 900 ரூபாய். 3,70,000க்கு 3,330 ரூபாய். 10,000 வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. கஷ்டம்தான், ஆனாலும் கட்டிவிடலாம். அதே பணத்தை 24 சதவீத வட்டியில் 2 வருடத்தில் கட்டு என்றால் மாதம் 19,500க்கு மேல். வருகிற வருமானமே 10,000! அந்தச் சகோதரி மாட்டிக்கொண்டது இப்படித்தான். வீடு கட்டியது தப்பில்லை. நீண்ட காலத் தேவைக்குக் குறுகிய காலக் கடன் வாங்கியதுதான் தப்பு.

"வங்கியில் சம்பளச் சீட்டு கேக்குறாங்களே, நடவுக்கும் களையெடுப்புக்கும் யார் சீட்டு தருவாங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பட்டா, சேமிப்புப் புத்தகம், குழுக் கடனைத் தவறாமல் கட்டிய கணக்கு, இவைதான் நம் கையில் இருக்கும் சாட்சி. அதனால் குழுப் பதிவேடுகளை ஒழுங்காக வைப்போம். விண்ணப்பிக்கும் உறுப்பினரோடு ஊக்குநரும் வங்கிக்குப் போகட்டும்.

இன்று நாம் நான்கு முடிவு எடுப்போம்.

1. அஸ்திவாரம் தோண்டும் முன்பே கூரை வரைக்கும் ஆகும் செலவைக் குழுவில் எழுதிப் பார்ப்போம்.

2. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வேலை இல்லாத மாதங்களையும் சேர்த்தே வருமானத்தைக் கணக்கிடுவோம்.

3. வாரக் கடனில் வீடு கட்டமாட்டோம். பணம் போதாவிட்டால் சிறிதாகக் கட்டி, பிறகு கூட்டிக்கொள்வோம். விரலுக்கேற்ற வீக்கம்தான் நல்லது.

4. மனையோ வீடோ பெண் பெயரில் பதிவோம். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். 5 லட்சம் ரூபாய் மனைக்கு 5,000 ரூபாய் மிச்சம். அதைவிடப் பெரிது, நாளைக்கு யாரும் நம்மை "வெளியே போ" என்று சொல்ல முடியாது.

அந்தச் சகோதரியின் மூன்று கடனையும் ஒரே கடனாக மாற்ற, கூட்டமைப்பின் நிதியிலிருந்து உதவலாமா என்பது அடுத்து பேசவேண்டிய பொருள். இன்று அவர், நாளை நம்மில் யாரோ. கையைத் தூக்கும் முன் இதை மனதில் வையுங்கள்.