காட்சியும் கருத்தும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற கலை மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"காட்சியும் கருத்தும்" என்ற தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரு மாத காலமாகப் பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரே வழக்குத்தான் நடந்துகொண்டிருக்கிறது. பொன்விழா இரவில் நாம் போடவிருக்கும் கோயில் வரலாற்று நாடகத்திற்கு எல்.இ.டி. திரை ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பது இளைஞர் கட்சி. புயல் வீசுவதும், கடல் பொங்குவதும், பழைய ஓலைக் கோயில் பிய்ந்து பறப்பதும் திரையில் தெரிந்தால்தான் சனம் எழுந்து போகாமல் இருக்கும் என்பது அவர்கள் வாதம். நாற்பது ஆண்டுகள் இந்த ஊர் மேடையில் கட்டியக்காரனாக நின்ற பெரியவர் எதிர்க்கட்சி. "புயலைப் படமே காட்டிவிட்டால் அங்கே நான் எதற்கு நிற்க வேண்டும், சாமி?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனவர்தான், அதன்பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. இன்று வந்திருக்கிறார். அதோ, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என் நன்றி.

தீர்ப்புச் சொல்ல நான் எழுந்து நிற்கவில்லை. ஆனால் இந்த வழக்கு நம் ஊரில் பிறந்தது அன்று. இதைவிடப் பெரிய இடங்களில் பெரிய மனிதர்கள் இதே வழக்கை நடத்தியிருக்கிறார்கள். அவற்றுள் எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்லுகிறேன்.

என் சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் ஒலிச்சித்திரம் வைப்பார்கள். அது என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு திரைப்படத்தின் பேச்சையும் பாட்டையும் சுருக்கி ஒலிபரப்புவார்கள். பார்க்க ஒன்றும் இருக்காது. காதால் கேட்க வேண்டியதுதான். டிரான்சிஸ்டரைத் திண்ணையில் வைத்துவிட்டு வீடே சுற்றி உட்கார்ந்திருக்கும். "பராசக்தி"யை நான் முதன்முதலில் அப்படித்தான் அறிந்தேன். 1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த படம் அது. கலைஞர் கருணாநிதி வசனம் எழுதி, சிவாஜி கணேசன் கதாநாயகனாக அறிமுகமான படம். அதன் நீதிமன்றக் காட்சியைக் கேட்டபோது எனக்கு எதுவும் குறைவாகத் தோன்றவில்லை. அந்தக் குரலிலேயே கூண்டும், கூட்டமும், கைகளின் அசைவும் தெரிந்தன. அந்த வசனத்தை மனப்பாடம் செய்து பள்ளிக்கூட மேடையில் பேசிக் காட்டாத ஊர் அந்நாளில் அரிது. எழுத்தறியாத மக்கள் மிகுந்திருந்த நாட்டில் கருத்துகள் அப்படித்தான் வீடு தேடிப் போயின. "பேசிப் பேசியே படத்தைக் கெடுத்தார்கள்" என்று இன்று ஏளனம் செய்வோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பழக்கத்திற்குக் காரணமும் இருந்தது. 1931ல் "காளிதாஸ்" வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய நாள்முதல் நடிகர்களும், எழுத்தாளர்களும், கதைகளும் பெரும்பாலும் நாடக மேடையிலிருந்தே வந்தார்கள். "பராசக்தி"யே முதலில் நாடகம்தான். நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கு நடிகனின் கண் தெரியாது. ஆகவே கண் செய்ய வேண்டிய வேலையையும் வாயே செய்தாக வேண்டும். சினிமாவில் கேமரா கண்ணுக்கு அருகிலேயே போக முடியும். ஆனாலும் வாய் தன் பழைய வேலையை விட்டுக்கொடுக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அந்த நீதிமன்றத்தில் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நீதிபதி, குற்றவாளிக் கூண்டில் நிற்கும் பெண்ணின் உடன்பிறந்த அண்ணன். கதை எனக்கு முன்பே தெரியும். ஆனால் அண்ணனின் முகம் வானொலியில் எனக்குக் கிடைக்கவில்லை. பேசுகிறவரை மட்டுமே கேட்டுப் பழகியிருந்த நான், கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

இந்தப் பேச்சு வெள்ளத்திற்கு உள்ளேயே இருந்து அதற்கு அணை கட்டியவர் ஒருவர் உண்டு. அவர் இயக்குநர் மகேந்திரன். 1974ல் வந்த "தங்கப்பதக்க"த்திற்குக் கதை வசனம் எழுதியவர் அவர்தான். கைதட்டல் வாங்கும் வசனம் எப்படி எழுதுவது என்று அறியாதவர் அல்லர். அந்த மனிதரே தாம் படம் எடுக்க வந்தபோது வாயைக் கட்டினார். "முள்ளும் மலரும்" 1978ல் வந்தது. மறு ஆண்டே "உதிரிப்பூக்கள்". புதுமைப்பித்தனின் "சிற்றன்னை"யைத் தழுவித் தொடங்கிய கதை என்றாலும், படத்தில் அது வேறு ஒன்றாகிவிட்டது. அதன் முடிவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஓர் ஊரையே வாட்டி வதைத்த மனிதனை ஊரார் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். யாரும் நீண்ட வசனம் பேசுவதில்லை. அவனே ஆற்றில் இறங்கிப் போகிறான். தண்ணீர், கரையில் நிற்கும் ஊர், தாயற்றுப்போன இரண்டு குழந்தைகள், காட்சி அவ்வளவுதான்.

"பார்த்தீர்களா சாமி, காட்சிதான் வென்றது" என்று தம்பிகள் சொல்லக்கூடும். சற்றுப் பொறுங்கள். ஆற்றில் இறங்குவதற்கு முன் அந்த மனிதன் ஊராரைப் பார்த்து ஒன்று சொல்லுகிறான். நல்லவர்களாயிருந்த உங்களையும் என்னைப் போல் ஆக்கிவிட்டேனே, நான் செய்த தவறுகளில் பெரியது அதுதான் என்ற கருத்துப்பட ஒரு சிறு பேச்சு. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்: தீயவன் ஒருவன் செத்தான், நல்லதாயிற்று என்று வீட்டுக்குப் போய்விடுவோம். அந்தப் பேச்சு இருப்பதால் கரையில் நிற்கும் ஊராரை நிமிர்ந்து பார்க்கிறோம். அவர்கள் நடுவே நம்மையும் பார்க்கிறோம். அவ்வளவு மௌனத்தைச் சேர்த்து வைத்ததே அந்த ஒரு பேச்சைக் கேட்கச் செய்வதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு நீதிமன்றக் காட்சியும் உண்டு. குருமடத்தில் இறையியல் படித்த நாட்களில் ஒரு மழைக்கால மாலை எங்களுக்கு ஒரு மௌனப் படம் போட்டுக் காட்டினார்கள். டென்மார்க் நாட்டவரான கார்ல் டிரெயர் பிரான்சில் எடுத்து 1928ல் வெளியிட்ட, புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகளைப் பற்றிய படம். முதல் பத்து நிமிடம் நாங்கள் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒலி இல்லை, வண்ணம் இல்லை. முகம், முகம், மறுபடியும் முகம். பிறகு சிரிப்பு நின்றது. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

அந்தப் படத்திற்காகப் பெரும் பொருட்செலவில் கோட்டையும் மதிலும் கட்டினார்கள். ஆனால் படத்தில் அந்தக் கோட்டையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டிரெயர் கேமராவை முகங்களுக்கு நெருங்கக் கொண்டுபோய் வைத்துவிட்டார். நடிகர்களுக்கு ஒப்பனையும் கிடையாது. முதலீடு செய்தவர்கள் மனம் வெதும்பியதில் வியப்பில்லை. நம் பொன்விழாக் கணக்கில் அப்படி ஒரு செலவு வந்தால் பொருளாளர் என்னைச் சும்மா விடுவாரா? இன்னொரு செய்தியும் உண்டு. பாரிசில் வெளியாகுமுன் அரசுத் தணிக்கையாளர்களும் நம் திருச்சபை மேலிடத்தாரும் அதில் சில பகுதிகளை வெட்டச் செய்தார்கள். மூலப் பிரதி தீயில் அழிந்தது. படம் முடமாகவே உலாவிக்கொண்டிருந்தது. கடைசியில் 1981ல் நார்வே நாட்டில், ஆஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் முதல் வடிவத்தின் பிரதி ஒன்று கிடைத்தது. யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்றெல்லாம் அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

காட்சியால் மட்டுமே ஆனது போலத் தோன்றும் அந்தப் படத்தின் அடியில் கிடப்பது ஒரு கட்டு எழுத்து. 1431ல் ரூவான் நகரில் நடந்த விசாரணையின் பதிவேடுகளை வைத்துத்தான் டிரெயர் அதை எடுத்தார். படிப்பறியாத, ஏறத்தாழ 19 வயதுப் பெண் ஒருத்தியைக் கற்றறிந்த குருக்களும் சட்ட அறிஞர்களும் கேட்ட கேள்விகள், அவள் சொன்ன விடைகள். அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று நம் தலைப்பிற்குள்ளேயே வருகிறது. உனக்குத் தோன்றிய மிக்கேல் சம்மனசு எப்படி இருந்தார்? ஆடை உடுத்தியிருந்தாரா? முடி இருந்ததா? அவருக்கு உடுத்தக் கொடுக்கக் கடவுளிடம் ஒன்றும் இல்லை என்றா நினைக்கிறீர்கள் என்ற பொருளில் அவள் திருப்பிக் கேட்டாள். படித்தவர்களுக்கு அன்று காட்சி வேண்டியிருந்தது. அவளுக்கோ கேட்ட சொல் போதுமாயிருந்தது. படத்தில் இந்தக் கேள்வியும் விடையும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாய் வந்து போகும். எழுத்தைப் படித்துவிட்டு மறுபடி அந்த முகத்தைப் பார்க்கும்போது, அது முன்பு பார்த்த முகமாக இராது.

இவ்வளவு தெரிந்தும் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில், புனித வெள்ளி மாலை மறையுரைக்குப் பதிலாகப் படம் காட்டினேன். மெல் கிப்சன் 2004ல் எடுத்த கிறிஸ்துவின் பாடுகள் படத்திலிருந்து கசையடிக் காட்சிகளையும் சிலுவைப் பாதையையும் வெட்டி ஒட்டினேன். படத்தில் பேசுவது அரமாயிக்கும் இலத்தீனும். நம் மக்களுக்குப் புரியாது என்று பேச்சை எல்லாம் கத்தரித்துவிட்டு இசையைச் சேர்த்தேன். கோயிலே அழுதது. அவ்வளவு கண்ணீரை என் எந்த மறையுரையும் கண்டதில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. உயிர்ப்பு விழா கழித்து மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டேன். அடி எப்படி விழுந்தது, முள்முடி எப்படி இறங்கியது என்று ஒன்று விடாமல் சொன்னார்கள். ஏன் அடித்தார்கள் என்று கேட்டபோது அமைதி. ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "அவர் என்ன தப்புச் செஞ்சார் சாமி?" என்று என்னையே கேட்டாள். அடுத்த நாட்களில் அந்தக் குழந்தை இரவில் பயந்து எழுகிறது என்று அதன் தாய் வந்து சொன்னார். படத்தின் மேல் குற்றமில்லை. கத்தரிக்கோல் என் கையில் இருந்தது.

மர்சேய் நகர ஆயர் செரேனுஸ் கோயில் உருவங்களை உடைத்தபோது, திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஏறத்தாழ 600ஆம் ஆண்டில் அவருக்கு எழுதினார்: அவற்றை வழிபடக்கூடாது என்றது சரி, உடைத்தது தவறு, எழுத்தறியாதவர்கள் ஏட்டில் படிக்க முடியாததைச் சுவரில் படிக்கிறார்கள் என்று. குருமடத்தில் அதை நாங்கள் மனப்பாடம் செய்தோம். ஆனால் சுவரைப் படிப்பதற்கும் ஒருவர் முன்னால் கதை சொல்லியிருக்க வேண்டும். இராயப்பரின் கதையைக் கேளாதவன் நம் பீடத்தில் காண்பது சாவி பிடித்த ஒரு கிழவரைத்தான்.

இப்போது நம் திண்ணை வழக்கிற்கு வருகிறேன். கூத்திலே காட்சித் திரை கிடையாது. இரண்டு பேர் துணியைப் பிடிக்க, அதன் பின்னாலிருந்து ராஜா வருகிறான். மதில் எங்கே, கடல் எங்கே என்றால், கட்டியக்காரன் சொல்லுகிற இடத்தில்தான். நம் பெரியவர் கையை நீட்டி "அலை வருது, அலை வருது" என்று பாடியபோது நான் வந்த முதல் ஆண்டில் முன்வரிசைப் பிள்ளைகள் காலை மடக்கிக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். ஆயிரம் விளக்கு வைத்த திரை அதைச் செய்யுமா என்பது எனக்கு ஐயமே. இன்றைக்குப் புயல் என்று கைப்பேசியில் தட்டெழுதினாலே புயல் படம் வந்துவிடுகிறது. அது யார் வீட்டுப் புயல்?

அதற்காகத் திரையே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை, தம்பிகளே. சென்ற வாரம் நீங்கள் பங்கு அலமாரியில் தேடி எடுத்த பழைய புகைப்படத்தை இளைஞர் மன்றத் தலைவர் என்னிடம் காட்டினார். புயலுக்கு மறுநாள் எடுத்தது. மணல், சாய்ந்த சிலுவை, மணியைத் தூக்கிப் பிடித்திருக்கும் இரண்டு ஆட்கள், ஏழெட்டுப் பெண்கள், சட்டையில்லாத ஒரு சிறுவன். அதைப் பெரிதாக்கித் திரையில் காட்டலாம் என்றார்கள். நல்லது. இவர்கள் யார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பின்பக்கத்திலும் ஒன்றும் எழுதவில்லை.

நேற்று மாலை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்: யார் மகள், யாருக்கு வாழ்க்கைப்பட்டவள், அந்தப் புயலில் அவள் யாரைப் பறிகொடுத்துவிட்டு அங்கே நிற்கிறாள் என்று. மணியைப் பிடித்திருப்பவர்களில் ஒருவரின் பேத்திதான் நம் நாடகத்தில் மாதாவாக நடிக்கிறாள்; அது அவளுக்கே தெரியாது. சட்டையில்லாத சிறுவனைப் பற்றி நான் கேட்க வேண்டியிருந்தது. "அது நான்தான், சாமி" என்றார்.

திரைக்கு முன்பணம் கொடுக்கலாமென்று பொருளாளரிடம் சொல்லிவிட்டேன். புயல் காட்சியில் திரை இருட்டாகவே இருக்கட்டும். அதைப் பெரியவர் பாடட்டும். அவர் பாடி முடித்த பின் அந்தப் புகைப்படம் மட்டும் வரட்டும். அதிலுள்ளவர்களை அவரே பெயர் சொல்லி அழைக்கட்டும். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இருமல் இருக்கிறது, குரல் எழும்புமா தெரியாது என்கிறார். ஒத்திகை செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணிக்கு. மாதா வேடம் போடும் பிள்ளை கூட்டம் முடிந்ததும் வேப்பமரத்தடிக்குப் போய் அவரைப் பார்க்கட்டும்.