சேம்பரும் ஒரு பணியிடமே

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த 49ஆம் விதி, தொழில் செய்யும் வழக்கறிஞர் எவரும் முழுநேரச் சம்பள ஊழியராக இருத்தல் கூடாது என்கிறது. வழக்கறிஞரின் சுதந்திரத்தைக் காக்க எழுதப்பட்ட இவ்விதியின் நிழலில்தான், சேம்பர் எனப்படும் மூத்த வழக்கறிஞரின் அலுவலகம், இளையவரின் உழைப்பைக் கூலி பேசாமலே வாங்கிப் பழகியிருக்கிறது. ஊழியர் அல்லாதவருக்கு வேலை நேரம் இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, பேறுகால விடுப்பு இல்லை. வேலை மட்டும் குறைவின்றி உண்டு.

அவ்வேலை எத்தகையது என்பதை இந்த அவையில் பலர் அறிவர். காஸ் லிஸ்ட், அதாவது அன்றைய வழக்குப் பட்டியல், பார்த்துக் கட்டுகளை அடுக்குவதும், சீனியர் வேறொரு மன்றத்தில் வாதாடிக்கொண்டிருக்கையில் ‘பாஸ் ஓவர்’ கேட்டு, அதாவது வழக்கைச் சற்றுப் பொறுத்து அழைக்குமாறு வேண்டி, நீதிபதியின் எரிச்சலைத் தாங்கி நிற்பதும், பிரிவு அலுவலகம் குறை சொல்லித் திருப்பிய மனுவைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்து எண் வாங்குவதும், மாலையில் சேம்பர் திரும்பிக் கட்சிக்காரர் சொல்வதைக் குறிப்பெடுத்து இரவு பத்து மணி வரை வரைவு எழுதுவதும் ஜூனியரின் அன்றாடம். இத்தனைக்கும் ஈடாக மாதக் கடைசியில் சில சேம்பர்களில் ஓர் உறை வருகிறது. சிலவற்றில் ‘பெட்ரோலுக்கு வைத்துக்கொள்’ என்ற சொல்லோடு இரண்டொரு தாள்கள் வருகின்றன. சிலவற்றில் தீபாவளிக்கு மட்டுமே ஏதேனும் வருகிறது.

தொழில் கற்றுத்தருவதே ஊதியம் என்று இதற்கு ஒரு விடை காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. குருகுலத்தில் சீடனுக்குச் சோறாவது போடப்பட்டது என்பதை இவ்விடை சொல்வோர் வசதியாக மறந்துவிடுகின்றனர். சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூன் மாதத்தில், ஊதியமின்றி இளம் வழக்கறிஞரிடம் வேலை வாங்குவது சுரண்டல் என்று கூறி, சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் எனத் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகரங்களுக்கு 20,000, கிராமப்புறங்களுக்கு 15,000 என்று வெளியிட்ட சுற்றறிக்கையோ பரிந்துரை என்ற அளவில் நின்றுவிட்டது. கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி என்னும் பரிந்துரையைக் காட்டி எந்த ஜூனியரும் சீனியரிடம் பணம் கேட்க முடியாது. தாலுகா நீதிமன்றத்துச் சீனியர் பலருக்கே வருமானம் சொற்பம் என்பது மெய்தான். ஆயினும் அந்த ஏழைச் சீனியரைக் கேடயமாக முன்னிறுத்தி, ஓர் ஆஜருக்கு லட்சங்களில் கட்டணம் பெறுவோர் அவர் பின்னால் ஒளிவதற்கு நியாயம் ஏதுமில்லை.

பெருநகரச் சட்ட நிறுவனங்களில் பணம் உண்டு. எனினும் அங்கும் பல இளையவர்கள் ‘ரிட்டெய்னர்’ என்ற பெயரிலேயே, அதாவது சம்பளமாக அன்றித் தொழில்முறைக் கட்டணமாகவே, பணம் பெறுகின்றனர். பத்து விழுக்காடு வரி பிடித்தம் போக மீதி கைக்கு வருகிறது. நள்ளிரவு வரை வேலை நீண்டாலும் மிகைநேரக் கணக்கு என்று ஒன்று எழுவதே இல்லை.

இதன் விளைவு இளையவரின் பசியோடு முடிந்துவிடுவதில்லை. சட்டம் குறித்த 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கலாகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து நுழைவாயிலை அகலப்படுத்தியது. வாயிலைக் கடந்தபின் வரும் முதல் மூன்றாண்டுகளை எவர் தாங்குகின்றனர்? தந்தையின் சேம்பரோ நகரில் சொந்த வீடோ உடையவர் தாங்குகின்றனர். தருமபுரியிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்து அறை வாடகை கட்டும் முதல் தலைமுறைப் பட்டதாரியும், குழந்தை பிறந்தபின் மீண்டுவர சேம்பரில் இடம் காணாத பெண் வழக்கறிஞரும் வேறு வேலை தேடிப் போகின்றனர். உயர் நீதிமன்ற நீதிபதிகளில் பெரும்பான்மையோர் வழக்கறிஞர்களிலிருந்தே தெரிவு செய்யப்படுவதால், அதற்குரிய பத்தாண்டு அனுபவம் சேருமுன் வெளியேறியவருக்கு அந்த இருக்கையும் இல்லாமற்போகிறது. நீதிபதிகளில் சமூகப் பன்மை எங்கே என்று மேடைதோறும் வினவும் மூத்தோர், தம் சேம்பரின் சம்பளக் கணக்கிலிருந்து அவ்வினாவைத் தொடங்கலாம்.

இளம் வழக்கறிஞர்கள் கேட்பது பெரிதன்று. மாதத்தின் குறித்த நாளில் வங்கிக் கணக்கில் தொகை, உழைத்த வழக்கின் வக்காலத்தில், அதாவது கட்சிக்காரர் கையொப்பமிட்டு அளிக்கும் அதிகாரப் பத்திரத்தில், தம் பெயர், ஓய்வுக்கு ஒரு ஞாயிறு, பேறுகாலத்துக்குப் பின் அதே மேசை என்பனவே அவை. இவற்றைச் சீனியரின் பெருந்தன்மைக்கு விட்டது போதும். மூத்த வழக்கறிஞர் தகுதிக்கு விண்ணப்பிப்போரும் அரசு வழக்கறிஞர் பதவியை நாடுவோரும், முந்தைய மூன்றாண்டுகளில் தம் ஜூனியர்களுக்கு வழங்கிய தொகைக்கான வங்கிச் சான்றை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். அச்சான்று இல்லாத விண்ணப்பம், குறை கண்ட மனுவைப் போலவே, எண் பெறாமல் திருப்பப்பட வேண்டும்.