சங்கிலியும் செயற்கைக்கோளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் செவிலிமேட்டுக்காரன். காஞ்சிபுரத்தை ஒட்டிப் பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர். தறிக்குடும்பம். கிண்டியில் ஜியோ இன்பர்மேடிக்ஸ் கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் என் அப்பா கேட்ட முதல் கேள்வி: "சர்வேயர் வேலைக்காப்பா நாலு வருஷம் இன்ஜினியரிங்?"

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. இங்கே படிப்பவர்களிலேயே பல பேருக்கு, இந்தக் கல்லூரி பிறந்ததே சர்வே பள்ளிக்கூடமாகத்தான் என்பது தெரியாது. 1794ல் மைக்கேல் டாப்பிங் என்பவர் கோட்டையில் எட்டுப் பையன்களை வைத்துத் தொடங்கினார். கட்டடம், இயந்திரம், மின்சாரம் எல்லாம் பின்னால் வந்த தம்பிகள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பரங்கிமலையிலிருந்துதான் 1802 ஏப்ரல் 10ஆம் தேதி லாம்டன் தன் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நீளம். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்து இமயமலை வரை போனது அந்த அளவை. காஞ்சிபுரத்துக்காரனுக்கு அதற்கும் முந்தைய பெருமை உண்டு. உலகளந்த பெருமாள் எங்கள் ஊரில்தான் நிற்கிறார். சோழர் காலத்தில் நிலம் அளக்கும் கோலுக்கே உலகளந்த கோல் என்று பெயர். அவருக்கு மூன்றடி போதுமாயிருந்தது, நமக்கு 66 அடிச் சங்கிலி!

முதல் வருஷத்தில் ராஸ்டர் என்றால் என்ன என்று ஆசிரியர் விளக்கியபோது வகுப்பே விழித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. சேலை டிசைனைக் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். கட்டம் சின்னதானால் மயில் மயிலாக வரும், பெரிதானால் கோழியாகிவிடும். செயற்கைக்கோள் படமும் அவ்வளவுதான்.

ஆனால் கம்ப்யூட்டர் லேபில் புரிவது வேறு, வயலில் புரிவது வேறு. சர்வே கேம்ப் என்றால் வெயில், முள், கொசு என்று பாதிப்பேர் அலுத்துக்கொள்வோம். "எல்லாம் ஜி.பி.எஸ். வந்துடுச்சே சார், சங்கிலி எதுக்கு?" என்று கேட்கவும் கேட்போம். அதற்கு என் ஊரில் கிடைத்த பதிலைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளி, எனக்கு மாமா முறை. இன்னொரு தறி போட வீட்டை வைத்துக் கடன் கேட்டிருந்தார். கடன் கொடுக்க வந்தவர்கள் போனில் ஒரு மேப்பைக் காட்டினார்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் மனைக்கோடு. அந்தக் கோட்டின்படி வீட்டில் நாலு மீட்டர் வெளியே கிடந்தது. மாமா என்னைத் தேடி வந்தார். "தறி கிடக்கிற கூடம் ஆத்துப் புறம்போக்குல இருக்குதாம் தம்பி. அப்போ நாப்பது வருஷமா நான் ஆத்துலயா நெஞ்சேன்?"

புலப்பட நகல் வாங்கினோம். இங்கே ஒரு விஷயம். நம் புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. கல்லுக்குக் கல் எத்தனை, குறுக்குக் கோட்டிலிருந்து மூலைக்கு எத்தனை என்ற அளவு மட்டுமே. அந்தப் படத்தைப் பூமியில் உட்கார வைக்க வேண்டுமானால் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். மேப் போட்டவர்கள் கல்லைத் தேடவில்லை. வேலியையும் சாலை வளைவையும் பார்த்து ஒட்டிவிட்டார்கள். வேலி நகரும், சாலை அகலமாகும்.

மண்ணுக்குள் புதைந்திருந்த இரண்டு கற்களைத் தோண்டி எடுத்தோம். அதிலிருந்து டேப் பிடித்து மற்ற மூலைகளைச் சரிபார்த்தபோது, திரையில் தெரிந்த படம் அப்படியே நாலு மீட்டர் ஒரு பக்கமாக நழுவியிருந்தது தெரிந்தது. 1:1000 அளவில் நாலு மீட்டர் என்பது நாலு மில்லிமீட்டர், பென்சில் முனை இரண்டு தடவை சறுக்கினால் போதும். இருபதடி அகல மனையில் அது 260 சதுர அடி. இரண்டு சென்ட் வைத்திருப்பவனுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! பிறகு முறைப்படி மனுப் போட்டு அரசு நில அளவர் வந்து அளந்தார். கூடம் மனைக்குள்தான் இருந்தது. தறி இப்போது இரண்டு ஓடுகிறது.

நாலு மீட்டராவது கண்ணில் பட்டது. பழைய எவரெஸ்ட் கோளவுருவில் போட்ட வரைபடத்தை மாற்றாமல் இன்றைய ஜி.பி.எஸ். அளவோடு சேர்த்தால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். மென்பொருள் ஒன்றும் சொல்லாது, அழகாக வண்ணம் பூசிக் கொடுக்கும்!

வேலை விஷயத்தில் கவலை வேண்டாம். 2021 பிப்ரவரியில் வரைபட விதிகளைத் தளர்த்தியதிலிருந்து தனியார் துறையிலும் ஆள் தேவைப்படுகிறது. ட்ரோன், மெட்ரோ, மின்வாரியம், எங்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல் தேடத் தெரிந்த பிள்ளைகள்தான் குறைவு.

ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த சர்வே கேம்புக்கு நம்மில் பத்துப் பேராவது மூன்று நாள் லீவு போட்டு வர வேண்டும், ஆளுக்கு ஐந்து மாணவர்கள். ஜனவரியில் வைத்தால் வெயில் பரவாயில்லை. இடம் செவிலிமேடு, பாலாற்றங்கரை. எங்கள் வீட்டுத் திண்ணை பெரியது, காஞ்சிபுரம் இட்லிக்கு அம்மா பொறுப்பு. பெயர் கொடுக்கிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே என்னிடம் கொடுத்துவிடுங்கள், சாப்பிட்ட பிறகு யாரும் அகப்பட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.