நாற்பதுக்கு மேல் ஒரு படிப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஐம்பதைக் கடந்த எம்மை இளைஞர் சங்கத்தின் மேடையில் ஏற்றி, "தாதியர் படிப்பைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் பணித்தபோது நாம் சற்றுத் தயங்கினோம். பேச்சு எமக்குத் தொழிலன்று. நோயாளரின் கட்டிலருகே நின்று மெல்லப் பேசியே பழகிய குரல் இது. பின் வரிசைக்கு எட்டாவிட்டால் பொறுத்தருள்க.

நாம் இந்தக் கீரிமலையிற் பிறந்தோம். கேணியில் நீந்தப் பழகினோம். சீமெந்துத் தொழிற்சாலையின் வெண்டூசி படிந்த முருங்கை இலையைக் கழுவிக் கழுவிக் கறியாக்கிய வீடு எமது வீடு. 1990 இல் ஊர் முழுவதும் எழும்பியது. திறப்பை அயலிற் கொடுத்துவிட்டுப் போவதற்கு அயலும் கூடவே எழும்பிவிட்டது. மல்லாகத்தில் ஐந்தாண்டு இருந்தோம். அங்கேதான் எமது ஐயாவைப் பாரிசவாதம் தாக்கி, வலப் பக்கம் முழுவதும் விழுந்தது. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில் அவரைச் சைக்கிள் கரியரிற் கட்டி உருட்டிக்கொண்டு போனோம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் மூலையிற் பாய் விரித்துக் கிடத்தினோம்.

இதனைச் சொல்லக் காரணம் உண்டு. நாம் ஐயாவைக் கவனியாமல் விடவில்லை. முகம் கழுவினோம், கஞ்சி பருக்கினோம், விசிறினோம். ஆனால் அவரது முதுகை ஒருவரும் பார்க்கவில்லை. புரட்டினால் நோகும் என்று எண்ணிப் புரட்டாமலே விட்டோம். மூன்றாம் கிழமை ஒரு மணம் எழுந்தது. வேட்டியை விலக்கிப் பார்த்தபோது இடுப்பெலும்பின் கீழே உள்ளங்கையளவு புண். நடுவில் வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. 1996 மாசியில் அவர் காலமானார். பாரிசவாதத்தாற் போனார் என்றே எல்லோருக்கும் சொன்னோம். அன்று நாம் நம்பியதும் அதுவே.

அடுத்த ஆண்டு ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தோம். பதினாறு ஆண்டுகள் அடுக்களை வேலை. பாத்திரம் தேய்த்தோம், உருளைக்கிழங்கு சீவினோம், கடைசியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறைக்கு வந்து சேர்ந்தோம். சாப்பாட்டு வண்டியை மாடிக்குத் தள்ளிச் செல்வது எமது வேலை. அங்கே ஒருநாள் ஒரு தாதிப்பெண் படுக்கையிற் கிடந்த கிழவர் ஒருவரைப் பக்கவாட்டிற் சரித்து, முதுகின்கீழ் ஒரு தலையணையைச் செருகி, இடுப்பெலும்பின்மேல் விரலால் அழுத்திப் பார்ப்பதைக் கண்டோம். ஏன் அப்படி அழுத்துகிறீர் என்று கேட்டோம். அவள் சொன்ன மறுமொழியைக் கேட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டோரம் போய் நெடுநேரம் நின்றோம்.

அந்த மாதமே படிக்க மனுக் கொடுத்தோம். அப்போது எமக்கு வயது நாற்பத்து மூன்று.

வீட்டில், "உங்களுக்கு என்ன விசரோ? மகன் படிக்கிற வயதிலே நீங்கள் படிக்கப் போறியளோ?" என்று கேட்டார்கள். ஊரிலிருந்து சின்னம்மா தொலைபேசியில், "மற்றவனுடைய கழிவு அள்ளவோ தம்பி ஜேர்மனிக்குப் போனனீ?" என்றார். சின்னம்மாவைக் குறைசொல்ல மாட்டோம். பெண் தாதியாகப் போனால் மாப்பிள்ளை அமையாது என்றும், ஆண் போனால் வேறு வேலை கிடைக்கவில்லை என்றும் பேசுகிற ஊரில் அவர் வேறென்ன சொல்வார்? அதே சின்னம்மா சென்ற ஆண்டு இடுப்பு முறிந்து படுத்தபோது, வாட்டில் இருந்த தாதிப் பிள்ளைகளை "என்ரை தெய்வங்கள்" என்றார். இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து வந்தவைதாம்.

ஜேர்மனியில் அப்படிப்புக்கு மேல் வயதெல்லை இல்லை. மூன்றாண்டுப் படிப்பு, வகுப்பறையில் 2,100 மணி, நோயாளரிடத்தில் 2,500 மணி. படிக்கும் காலத்திலேயே சிறு சம்பளமும் உண்டு. 2020 இற்குப் பின் முதியோர், குழந்தைகள், பொது நோயாளர் என்ற மூன்று பிரிவையும் ஒன்றாக்கிவிட்டார்கள். நாம் படித்தது பழைய முதியோர் பிரிவில், 2014 முதல் 2017 வரை. எழுத்து, வாய்மொழி, செய்முறை என்று முடிவிற் பரீட்சை.

கடினம் எதுவென்று கேட்பீர்கள். கணக்கன்று. ஐந்நூறு மில்லிலீற்றர் சேலைனை நான்கு மணிநேரத்தில் ஏற்ற வேண்டும், மில்லிலீற்றருக்கு இருபது துளி, அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை துளி என்று கேட்டால், வகுப்பில் இருந்த இளசுகள் கைத்தொலைபேசியைத் தேடுவதற்குள் நாற்பத்திரண்டு என்று சொல்லிவிடுவோம். கீரிமலைப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு எலும்பில் ஊறிக் கிடந்தது. கடினம் மொழி. அடுக்களை ஜேர்மன் மொழி வேறு, உடற்கூற்று ஜேர்மன் மொழி வேறு. அந்நாட்களில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களை அடிக்கடி நினைத்துக்கொள்வோம். 1847 இல் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து, தமிழைக் கற்று, மானிப்பாயிலே எம்மவர்க்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கித் தந்தவர் அவர். அவர் வந்தபோது வயது இருபத்தைந்தளவு. நாற்பத்து மூன்றில் வந்திருந்தால் அவருங்கூடத் தடுமாறியிருப்பார் என்று எம்மை நாமே தேற்றிக்கொள்வோம்!

அடுத்த கடினம் இடுப்பு. ஆளைத் தூக்குவதற்கு வலுவைவிட முறை வேண்டும். முழங்காலை மடித்து, நோயாளரை உடலோடு அணைத்துப் பிடித்து, முதுகை முறுக்காமல் திரும்ப வேண்டும். இருபது வயதில் இதைப் பிழையாகச் செய்து தப்பிவிடலாம். நாற்பதிற் பிழைத்தால் ஒரு கிழமை படுக்கைதான். இராக்கடமை இன்னொன்று, இளமையில் ஒரு பகல் உறங்கினால் தீர்ந்துவிடும் களைப்பு எமக்கு மூன்று நாள் நிற்கும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி, "இதைத் திரும்பச் செய்யுங்கள்" என்று சொல்லும்போது முகம் சுருங்காமலிருக்கப் பழகியது எல்லாவற்றிலும் பெரிய பாடம். முதலாம் ஆண்டு முழுவதும் அதற்கே போயிற்று.

இனி, முதுகைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல அனுமதி தருக. இன்று இங்கு வந்த காரியமே அதுதான்.

படுத்த படுக்கையாயிருப்பவருக்குப் புண் வருவது அழுக்கினால் மாத்திரமன்று. எலும்புக்கும் பாய்க்கும் நடுவே தசை நசுங்கி, இரத்தம் ஓடாமற் சில மணிநேரம் நின்றாலே உள்ளே தசை சாகத் தொடங்கும்; தோலுக்கு வருவது பிறகுதான். இடுப்பெலும்பின் அடி, குதிக்கால், தொடையின் பக்கவெலும்பு, தோட்பட்டை, பின்தலை ஆகியவை பார்க்க வேண்டிய இடங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமற் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது.

ஆனால் ஒன்று. எமது பாடப்புத்தகத்துப் படங்களெல்லாம் வெள்ளைத் தோலுக்குரியவை. எமது கறுத்த தோலிற் சிவப்புத் தெரியாது. கையாற் பார்க்க வேண்டும்: அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கல்லுப்போல் இறுகியிருக்கிறதா, நிறம் கூடக் கறுத்திருக்கிறதா என்று. இதனை ஒரு நைஜீரிய நாட்டுச் சக மாணவிதான் எமக்குக் காட்டித் தந்தாள்.

இரண்டு மணிக்கொருதரம் ஆளை மாற்றிக் கிடத்துவது பொதுவழக்கு. உடல்நிலைக்கேற்பக் கூடிக் குறையும். முழுப் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை. முதுகின்கீழ் ஒரு தலையணை செருகிச் சற்றே சரித்தாற் போதும். கெண்டைக்காலின்கீழ் இன்னொரு தலையணை வைத்தாற் குதிக்கால் அந்தரத்தில் நிற்கும். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். எண்ணெய் போட்டு உருவுவது நன்மையென்று நாமும் எண்ணியிருந்தோம், அது நசுங்கிய தசையை மேலும் கெடுக்கும். வளையம்போற் சுருட்டிய துணியின்மேல் இருத்துவதும் ஆகாது. வளையத்தின் விளிம்பே இரத்தத்தை மறிக்கும். ஐயாவுக்கு வேண்டியிருந்தவை இரண்டு தலையணைகள். அந்த மண்டபத்திற் பழஞ்சீலை மூட்டைகள் நூறு கிடந்தன.

நடுவயதில் இத்துறைக்கு வந்தோர் உலகில் முன்னும் உண்டு. மேரி சீக்கோல் என்ற யமேக்காப் பெண்மணி விடுதி நடத்தியவர். கிரிமிய யுத்தத்துக்குத் தாதியாகப் போக விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, 1855 இல் ஐம்பதை எட்டிய வயதிற் சொந்தச் செலவிலேயே போய்ச் சேர்ந்தார். கிளாரா பாட்டன் பள்ளி ஆசிரியை, பின் அரசாங்க எழுதுவினைஞர். 1861 இல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது அவருக்கு முப்பத்தொன்பது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1881 இல் நிறுவியவரும் அவரே. இவர்கள் பள்ளியிற் படித்த தாதியரல்லர் என்பது உண்மை. ஆனால் 1860 இல் இலண்டனிற் புளோரன்ஸ் நைற்றிங்கேல் பெயரால் அமைந்த பள்ளியோ, 25 முதல் 35 வரையுள்ளோரே விரும்பத்தக்கவர் என்று விதி வகுத்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை இன்னும் முற்றவில்லை என்று கருதினார்கள் போலும்! சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் தாதியாகப் படித்து, முதுகு நோவால் அதைக் கைவிட்டு, 1951 இல் முப்பத்து மூன்றாம் வயதில் மருத்துவம் கற்கத் தொடங்கினார். மரணப் படுக்கையிலுள்ள புற்றுநோயாளருக்கென 1967 இல் அவர் திறந்த இல்லம் உலகெங்கும் வழிகாட்டியாயிற்று. தெல்லிப்பழை வைத்தியசாலையிற் புற்றுநோய்ப் பிரிவு உள்ள எமது பகுதியினர் அவர் பெயரை அறிந்திருத்தல் நன்று.

இங்கே நிலைமை வேறு. எமது அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவிற் சித்தி வேண்டும். வயது 18 முதல் 28 வரை என்றே வர்த்தமானி அறிவித்தல்களிற் கண்டு வந்திருக்கிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தாதியியற் பட்டப்படிப்புக்கும் உயர்தரப் புள்ளியே வாசல். முப்பது வருட இடப்பெயர்வில் உயர்தரமே எழுதமுடியாமற் போன பெண்கள் எத்தனை பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்! கணவனை இழந்து, பிள்ளைகளை வளர்த்துவிட்டு, நாற்பதில் இனி என்ன என்று நிற்பவர்கள். மாமியாரை ஏழாண்டு படுக்கையிற் பார்த்த ஒருவர் எமது ஒழுங்கையிலேயே இருக்கிறார். அவரது கைப்பழக்கம் நாம் மூன்றாண்டு கற்றதற்குக் குறைந்ததன்று. அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

தொழிற்றகைமைச் சட்டகத்தின் கீழ்ப் பராமரிப்பாளர் பயிற்சி உண்டு. அதற்கு முயல்க என்போம். அது தாதியர் படிப்பன்று என்பதையும் மறையாமற் சொல்லுகிறோம். அச்சான்றிதழோடு இஸ்ரேலுக்கோ யப்பானுக்கோ அனுப்புகிறேன் என்று முற்பணம் கேட்பவரிடம் இரண்டு முறை விசாரித்துவிட்டே பையைத் திறவுங்கள். வயதெல்லையைத் தளர்த்தும்படி ஒரு மனு எழுதுவதற்கும் இச்சங்கம் முன்வரலாம். பயன் உடனே வராது. இளம் பிள்ளைகளின் இடத்தைக் கிழடுகள் பறிப்பதா என்று கேட்போரும் இருப்பர். அக்கேள்வியில் நியாயமும் உண்டு. ஆதலால் இருக்கும் இடங்களைப் பங்கிடக் கேளாமல், வேறாகச் சில இடங்கள் கேட்கலாம் என்பது எமது எண்ணம்.

மீளக் குடியமர்ந்த இந்த ஊரில் விளக்கெரியும் வீடுகளில் எத்தனையோ வீட்டில் முதியவர் ஒருவர் தனித்திருக்கிறார். பிள்ளைகள் கனடாவில், இலண்டனில், எம்மைப்போல் ஜேர்மனியில். பணம் வருகிறது. புரட்டிக் கிடத்தக் கை வருவதில்லை.

நாம் இன்னும் ஐந்து கிழமை ஊரில் இருப்போம். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு வாசிகசாலையில் ஒரு கட்டிலைப் போட்டு, ஆளைப் புரட்டுவது, படுக்கையிலேயே குளிப்பாட்டுவது, விரிப்பு மாற்றுவது ஆகியவற்றைச் செய்து காட்டச் சங்கத்தார் இசைந்திருக்கிறார்கள். ஆண்களும் வருக. நோயாளியாகப் படுப்பதற்குத் தலைவரே சம்மதித்திருக்கிறார். அவரது பாரத்தைப் பார்த்தால் முறையைச் சரியாகக் கற்றுக்கொள்வீர்கள். கட்டில் ஒன்று கிடைத்துவிட்டது. தலையணை நான்கு வேண்டும். உள்ளவர்கள் கொண்டு வருக.