மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு நாள்

(நமது முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "நீ பதினைந்து நிமிஷம் பேசணும். எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, ஹாஸ்டல் மெஸ் சாம்பார் மட்டும் வேண்டாம். அதை ஏற்கெனவே மூணு பேர் பேசிட்டாங்க" என்றார். ஆகவே சாம்பாரை விட்டுவிடுகிறேன். ஹாஸ்டலை மட்டும் விட முடியாது. நான் சொல்ல வந்த விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் 2005 முதல் 2009 வரை இங்கே படித்தவன். எங்கள் விங்கில் மொத்தம் ஏழு கம்ப்யூட்டர்கள். எல்லாம் கடையில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவை. வாரத்துக்கு ஒன்றாவது வைரஸ் வந்து படுத்துக்கொள்ளும். படுத்ததை எழுப்ப எங்களிடம் ஒருவன் இருந்தான். அவனை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல் சிடியை எடுத்துக்கொண்டு வருவான். ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழித்து, மறுபடி போட்டு, டிரைவர்களை எல்லாம் ஏற்றிவிட்டு, விடியும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும் என்பான்.

அவன் பெயரை இங்கே நான் சொல்லப் போவதில்லை. "பேரைச் சொன்னேன்னா அப்புறம் எல்லாரும் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க, வேண்டாம்டா" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். என் பேட்ச்காரர்களுக்கு யாரென்று தெரியும்.

டாக்டருக்கு ராத்திரியில் மாடிப்படி தடுக்கும். சினிமா தியேட்டரில் இடம் தேடும்போது அடுத்தவர் மடியில் உட்கார்ந்துவிடுவான். நாங்கள் கேலி செய்வோம், அவனும் சேர்ந்து சிரிப்பான். அது விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் பரம்பரை நோய் என்பது படிப்பு முடிந்த பிறகுதான் தெரிந்தது. முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு ஓரங்கள் மறையும், குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியும். 2014 வாக்கில் அவனுக்கு அந்த நடுவும் போயிற்று.

அவன் வேலையை விடவில்லை. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் என்னும் மென்பொருளைப் பழகிக்கொண்டான். அவன் பயன்படுத்தியது என்.வி.டி.ஏ. 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கியது. காசு கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதைக் கொண்டு டாக்டர் மெயில் பார்ப்பான், புரோகிராம் எழுதுவான், வங்கிக் கணக்கும் பார்ப்பான். அந்தக் குரலை அவன் ஓட விடும் வேகத்தில் நமக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது.

இப்போது நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய இடம் வருகிறது.

2016இல் ஒரு நாள் அவன் கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் நின்றுவிட்டது. ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திரும்பப் போட வேண்டும். ஹாஸ்டலில் நூறு தடவை செய்த வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று அந்த நாளில் பெருமையாகச் சொல்வான். ஆனால் உண்மையிலேயே கண் தெரியாதபோது செய்ய முடியவில்லை. காரணம் எளிது. ஸ்க்ரீன் ரீடர் பேச வேண்டுமானால் அதற்கு அடியில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஓட வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லாத இடத்தில் யார் பேசுவது? கிணற்றுக்குள் விழுந்த கயிற்றை எடுக்க அதே கயிறு வேண்டும் என்கிற கதை.

எனக்குப் போன் செய்தான். "ஞாயித்துக்கிழமை வரேன்டா" என்றேன். அந்த ஞாயிறு போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறுதான் போனேன். பதினேழு நாள் அவன் வேலை நின்றது. சம்பளமில்லா விடுப்பு போட்டிருக்கிறான், அதை என்னிடம் சொல்லவே இல்லை.

போனவன் ஒழுங்காகச் செய்தேனா? சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டிய அவசரம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படிடா" என்றான். நான் படித்ததெல்லாம் "நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... ஓகே" என்பதுதான். ஹார்டு டிஸ்க்கைப் பிரிக்கும் கட்டம் வந்தபோது, "எந்தப் பார்ட்டிஷன்னு பாத்தியா?" என்று கேட்டான். "பாத்துட்டேன்டா" என்றேன். பார்க்கவில்லை.

இரண்டாவது பார்ட்டிஷனில் அவன் அப்பாவின் குரல் இருந்தது. அவர் காலமாவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அவன் ரெக்கார்டு செய்து வைத்தது. நமக்குப் போட்டோ ஆல்பம் எப்படியோ அவனுக்கு அது அப்படி. சில துண்டுகள் அவன் தங்கையின் போனில் இருந்தன. மற்றதெல்லாம் போயிற்று. அவன் என்னைத் திட்டவில்லை. "நான் செஞ்சிருந்தா ரெண்டு தடவை கேட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னான்.

நண்பர்களே, அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்த விஷயத்தில் இழுத்துவிட்டது. வீட்டுக்குப் போய்த் தேடினேன். தேடிய பிறகு வெட்கம் இரண்டு மடங்கானது. அவன் தானே இன்ஸ்டால் செய்வதற்கு வழி ஏற்கெனவே இருந்தது!

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன், 2011 பிப்ரவரியில் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பிலேயே இன்ஸ்டாலேஷனுக்குள் பேச்சைச் சேர்த்துவிட்டது. பென் டிரைவிலிருந்து பூட் செய்தால், மெனு தயாரானதும் கம்ப்யூட்டர் 'பீப்' என்று ஒலி கொடுக்கும். பழைய பயாஸ் முறையில் ஒரு பீப், புதிய யு.இ.எஃப்.ஐ. முறையில் இரண்டு பீப். அதைக் கேட்டதும் எஸ் என்ற எழுத்தை அழுத்தி என்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான். சிறிது நேரத்தில் இன்ஸ்டாலேஷன் பேச ஆரம்பிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சவுண்ட் கார்டு இருந்தால், தகுந்த கார்டிலிருந்து குரல் கேட்கும்போது என்டர் அடிக்கச் சொல்லும். பிறகு ஒவ்வொரு கேள்வியும் எண் போட்ட பட்டியலாக வரும், எண்ணை அடித்துப் பதில் சொல்லலாம். கடைசியில் டிஸ்க்கில் எழுதலாமா என்று கேட்கும்போது, நாம் ஆமாம் என்று சொல்லாத வரை இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். என்னைவிடப் பொறுப்பானது!

இன்னொரு நல்ல யோசனையும் அதில் உண்டு. பேச்சை வைத்து இன்ஸ்டால் செய்தால், போட்டு முடித்த சிஸ்டத்திலும் பேச்சு தானாகவே இருக்கும். வாசற்படியில் கைகொடுத்துவிட்டு நடுக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகாது. விரல் நுனியால் படிக்கும் பிரெய்ல் டிஸ்ப்ளே வைத்திருப்பவர்கள் அதை யு.எஸ்.பி.யில் சொருகினாலே இன்ஸ்டாலேஷன் அதில் ஓடும். அந்தக் கருவியின் விலை நம் ஊரில் பலருக்கு எட்டாதது என்பது வேறு கதை.

இதற்கு அடித்தளமாக இருக்கும் 'ஸ்பீக்கப்' என்ற ஸ்க்ரீன் ரீடர், லினக்ஸின் கெர்னலுக்குள்ளேயே ஓடுவது. அதைத் தொடங்கியவர் கனடாவைச் சேர்ந்த கர்க் ரைசர். அவரும் பார்வையற்றவர். நம் நாட்டிலிருந்து போன டி.வி. ராமன் 1995இல் வெளியிட்ட 'இமேக்ஸ்பீக்' உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவரும் அப்படியே. ஆக, கதவைத் திறந்தவர்களில் பலர் உள்ளே போக வேண்டியிருந்தவர்களே. கண் உள்ள இன்ஜினியர்கள் நாம் பலரும் வெளியே நின்று, "பாவம், யாராவது படிச்சுச் சொல்லுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பெரிய கம்பெனிகளும் வந்து சேர்ந்தன. ஆப்பிள் 2005இல் வாய்ஸ்ஓவரைத் தன் சிஸ்டத்தோடேயே சேர்த்தது. மைக்ரோசாஃப்ட் 2017இல்தான் விண்டோஸ் 10இன் இன்ஸ்டாலேஷனுக்குள் நேரேட்டரைக் கொண்டுவந்தது. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசும். நான் டாக்டர் வீட்டில் செய்த அலங்கோலத்துக்கு அடுத்த வருஷம்!

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் பயாஸ் அல்லது யு.இ.எஃப்.ஐ. செட்டிங்குக்குள் போனால் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் ஊமைதான். எந்த டிரைவிலிருந்து பூட் செய்வது என்பதை அங்கேதான் மாற்ற வேண்டும். டாக்டர் தன் லேப்டாப்புக்கு, எந்த கீயை எப்போது அடிப்பது, கீழ் அம்பு எத்தனை தடவை என்று ஒரு முறை தங்கையைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். மாடல் மாறினால் மனப்பாடமும் மாற வேண்டும். சில லேப்டாப்களில் அந்த பீப் கேட்பதே இல்லை. சவுண்ட் கார்டுக்கு ஃபர்ம்வேர் இல்லாமல் பேச்சே வராத தொல்லையும் இருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அந்த ஃபர்ம்வேரை இன்ஸ்டாலேஷனிலேயே சேர்த்துக் கொடுப்பதால் இது குறைந்திருக்கிறது.

சரி, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் சங்கத்தில் ரூட்டர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், டிக்கெட் மெஷின் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக் கருவி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளிலும் 'முதல் தடவை' என்று ஒரு கட்டம் உண்டு. டப்பாவைப் பிரித்து, ஆன் செய்து, மொழி தேர்ந்தெடுக்கும் கட்டம். வசதிகளை எல்லாம் அதற்கு அப்பால் வைத்துவிட்டு, "எங்கள் பொருள் எல்லாரும் பயன்படுத்தலாம்" என்று விளம்பரம் செய்கிறோம். உள்ளே நாற்காலி போட்டுவிட்டு வாசலைப் பூட்டி வைப்பது போல இது. முதல் கட்டத்துக்கு அடுத்தவர் கண் வேண்டுமென்றால், அந்தப் பொருளுக்கு அவர் முழுச் சொந்தக்காரர் இல்லை. பாஸ்வேர்டு போடுவதற்குக்கூட இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் என்னைப் போல அவசரக்காரராகவும் இருக்கலாம்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அன்றாட உபயோகத்துக்கான மின்னணுப் பொருள்கள் எல்லாருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் சட்டம் வந்து நம் டிசைனைத் திருத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பீப், ஒரு கீ. இது எவ்வளவு சின்ன வேலை என்று இன்ஜினியர்களான உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு பழைய லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஃபைல் எதுவும் அதில் இருக்கக் கூடாது, இதை அனுபவஸ்தன் சொல்கிறேன். திரை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பாருங்கள். நான் செய்தேன். முதல் இரண்டு தடவையும் பூட் மெனுவையே தாண்டவில்லை. மூன்றாவது தடவை குரல் வந்தபோது எனக்கு வந்த சந்தோஷம், முதல் வருஷ லேபில் முதல் புரோகிராம் ஓடியபோதுகூட வந்ததில்லை. அதன் பிறகு உங்கள் கம்பெனியின் பொருளையும் அதே துண்டைப் போட்டு ஆன் செய்து பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அதுதான் நீங்கள் சரிசெய்ய வேண்டிய இடம்.

நம் கல்லூரி கம்ப்யூட்டர் லேபிலும் மாணவர்களை வைத்து இதை ஒரு சனிக்கிழமை செய்து காட்டத் துறைத் தலைவர் சார் அனுமதிக்க வேண்டுமென்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். சொல்லிக்கொடுக்க டாக்டர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.

அவன் கதையை முடித்துவிடுகிறேன். நான் டெபியன் பற்றிச் சொல்லி ஒரு மாதம் கழித்து, ராத்திரி ஒரு மணிக்குப் போன் வந்தது. பதறிப்போய் எடுத்தேன். மறுமுனையில் அவன் பேசவில்லை. போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தான் போலிருக்கிறது. ஒரு தகரக் குரல் பார்ட்டிஷன் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தது. அவன் கீழே போனான், மேலே வந்தான், மறுபடி கேட்டான். இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் என்டர் தட்டினான். அப்புறம் போனை எடுத்து, "ஒண்ணுமில்லடா, சும்மா கூப்பிட்டேன். நீ தூங்கு" என்றான்.

ஹாஸ்டலில் விடியற்காலம் அவனுக்கு வாங்கிக் கொடுத்த டீயெல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. அன்று நான் வாங்கிக் கொடுக்க வேண்டிய டீ இன்னும் பாக்கி இருக்கிறது.

இதோ, மூன்றாவது வரிசையிலிருந்து "டைம் ஆச்சு, முடிடா" என்று ஒரு குரல் கேட்கிறது. டாக்டர் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.