மொட்டை எதற்கென்று கேட்டார்கள்

தொலைக்காட்சிப் பெண்கள் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை



எனக்கு முன்னால் பேசிய டாக்டர் அம்மா, மார்பகப் புற்றுநோய் எப்படி வருகிறது, மெமோகிராம் எப்போது எடுக்க வேண்டும் என்றெல்லாம் அழகாக விளக்கிவிட்டார். நான் படித்தது மருத்துவம் அல்ல, பொதுசனத் தொடர்புத் துறையில் ஒரு டிப்ளோமா. மருந்தைப் பற்றி நான் வாய் திறந்தால் டாக்டர் அம்மா மைக்கைப் பிடுங்கிக் கொள்வார். அவரே சிரிக்கிறார், பாருங்கள். ஆகவே டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்த பிறகு, பஸ்ஸிலும் சமையலறையிலும் கோயிலிலும் நடக்கிற வாழ்க்கையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். காலை நிகழ்ச்சி ஒன்றைப் படைத்துக் கொண்டிருந்தேன். அக்டோபர் வந்துவிட்டால் எங்கள் துறையில் சேலை, பூ, மேசை விரிப்பு, தண்ணீர்க் கோப்பை எல்லாமே இளஞ்சிவப்புதான். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஓர் அம்மாவை அழைத்திருந்தோம். ஏழே நிமிடம் என்று என் காதுக் கருவியில் சொல்லிக் கொண்டே இருந்தார்கள். "அம்மா, இந்த நோயை எப்படி வென்றீர்கள்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வென்றேன்னு யாரும்மா சொன்னது? மாத்திரை இன்னும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ராத்திரியில தூக்கம் இல்ல. அதைக் கேளேன்" என்றார். நான் கேட்கவில்லை. சிரித்த முகத்தோடு விளம்பர இடைவேளைக்குப் போய்விட்டேன். இடைவேளை முடிந்து வந்தபோது அவருடைய நேரமும் முடிந்திருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து அந்த நோய் எங்கள் குடும்பத்துக்கே வந்தது. என் தாயாரின் தங்கை, என் சின்னம்மா, சுங்கை பட்டாணியில் ஒரு தாமானில் குடியிருப்பவர். 2018 நவம்பரில் இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது. டிசம்பர் முதல் வாரம் பினாங்கில் அறுவை சிகிச்சை. மார்பையும் அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள்.

சொந்தக்காரர்கள் நாங்கள் என்ன செய்தோம்? ஆரஞ்சுப் பழமும் மைலோ டின்னும் வாங்கிக் கொண்டு வரிசையாகப் போனோம். "தைரியமா இருங்க சின்னம்மா" என்றேன். அன்று ஒரு நாளில் மட்டும் 14 பேர் அதைச் சொன்னார்களாம். எண்ணி வைத்திருந்தார். தைரியம் எந்தக் கடையில் கிடைக்கும், எத்தனை வெள்ளி என்று யாரும் சொல்லவில்லை என்பது பிறகு அவர் அடித்த கிண்டல். அந்தச் சமயத்தில் அவருக்கு வேண்டியிருந்தது வேறு. காயத்திலிருந்து ஒரு குழாய் வந்து பாட்டிலில் தொங்கிக் கொண்டிருந்தது. பார்க்க வருகிறவர்கள் முன்னால் அதை எங்கே ஒளிப்பது என்பதுதான் அன்றைக்கு அவருடைய முழுக் கவலையும்.

மூன்றாம் நாள் வார்டுக்கு ஒரு சீனப் பெண்மணி வந்தார். வயது 60 இருக்கும். டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை. தானும் இந்த நோயைக் கண்டவர், புதிதாக அறுவை சிகிச்சை செய்து கொண்டவர்களைப் பார்த்துப் பேச வருகிற தொண்டூழியர். கட்டிலருகே நிமிர்ந்து நின்று, தன் சட்டையைக் காட்டி, மலாயில், "எந்தப் பக்கம் என்னுடையது, எந்தப் பக்கம் கடையில் வாங்கியது? சொல்லு பார்ப்போம்" என்றாராம். சின்னம்மா தப்பாகச் சொல்லியிருக்கிறார். அறுவை முடிந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான் என்று சித்தப்பா சொன்னார். பாட்டிலைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளத் துணிப்பை ஒன்றைத் தந்துவிட்டு, சுவரில் விரல்களைச் சிலந்தி போல ஏற்றும் பயிற்சியைக் காட்டினார். டாக்டர் சரி என்றதும் ஆரம்பித்து, எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் கோடு போட்டு வைக்கச் சொன்னார். "பெலான்-பெலான்" என்று இரண்டு தடவை சொன்னாராம். அந்தக் கோடுகள் சின்னம்மாவின் சமையலறைச் சுவரில் இன்னமும் இருக்கின்றன. வீட்டுக்குச் சாயம் அடித்தபோதும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடித்தார்கள்.

இப்படி ஒருத்தி இன்னொருத்தியைப் போய்ப் பார்ப்பது நேற்று வந்த வழக்கம் அல்ல. அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு 1952இல் மார்பு அகற்றப்பட்டது. இனி எப்படி உடுத்துவது, கையை எப்படித் தூக்குவது என்று சொல்ல ஆள் இல்லாமல் தவித்தவர், குணமானதும் தானே மருத்துவமனைகளுக்குப் போய் மற்றப் பெண்களிடம் பேச ஆரம்பித்தார். பல டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. வரக்கூடாது என்று தடுத்தவர்களும் உண்டு. ஆனாலும் 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்தத் திட்டத்தைத் தன்னுடையதாக ஏற்றுக் கொண்டது. நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் தோன்றியது 1986இல்.

இதனால் ஆயுள் கூடுமா என்று கேட்பார்கள். இல்லாததைச் சொல்லக்கூடாது. 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோய் பரவிவிட்ட பெண்களில், வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்றது அது. உலகமே பேசியது. பிறகு கனடாவில் 235 பெண்களைக் கொண்டு அதே போல் நடத்திய ஆய்வின் முடிவு 2001இல் வந்தது. ஆயுள் கூடவில்லை. ஆனால் மனவேதனையும் வலியின் கடுமையும் குறைந்திருந்தன, அதிலும் மிகவும் துவண்டு போயிருந்தவர்களுக்கு. எனக்கு அதுவே போதும். வலி குறைகிறது என்றால் அது சின்ன விஷயமா?

சீன ஆன்ட்டியால் ஒரு சங்கதிக்கு மட்டும் பதில் சொல்ல முடியவில்லை. அது சேலை. சின்னம்மா 18 வயது முதல் சேலை கட்டுகிறவர். முந்தானை விழுவது இடது தோளில், எடுத்ததும் இடது மார்பு. பிடிமானம் இல்லாமல் முந்தானை சரிந்து கொண்டே இருந்தது. சந்தையில் பேசுகிற மலாயை வைத்துக்கொண்டு ரவிக்கையைப் பற்றி எப்படிக் கேட்பது? மூன்று மாதம் நைட்டியைத் தவிர வேறெதுவும் உடுத்தவில்லை. கோயிலுக்கும் போகவில்லை.

பிறகு மருந்து வாங்கும் வரிசையில் புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த ஓர் அக்காவின் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அவருக்கு அறுவை ஆகி 6 ஆண்டு. எண் அழைக்கப்படும் வரை 40 நிமிடம் பேசியிருக்கிறார்கள். ரவிக்கைக்கு உள்ளே பருத்தித் துணியில் பை தைக்க வேண்டும், அதன் வாய் அக்குள் பக்கம் இருக்க வேண்டும், கழுத்தையும் கைக்குழியையும் ஒரு விரல் அளவு உயர்த்தி வெட்டச் சொல்ல வேண்டும். உள்ளே வைப்பது கனமே இல்லாமல் இருந்தால் மேலே ஏறிவிடும், ஆகவே மறுபக்கத்துக்கு ஈடான எடை இருக்க வேண்டும். அந்தக் கையில் இறுக்கமான வளையல் வேண்டாம், இரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் ஊசிக்கும் முடிந்தவரை மறு கையை நீட்டு, பலாப்பழம் அரியும்போது கையுறை போடு, சின்னக் காயம்கூடச் சீழ் பிடித்தால் கை வீங்கிவிடும். அதற்காகக் கையை அசைக்காமலும் வைத்திருக்காதே, தோள் இறுகிப் போகும்.

காய்ச்சலைப் பற்றியும் அவர்தான் சொன்னார். கீமோ போட்டுக் கொண்டிருக்கும்போது உடம்புச் சூடு 38 டிகிரியைத் தொட்டால், பெனடோல் போட்டுப் படுத்துவிடாமல், விடியட்டும் என்று காத்திராமல், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது மருத்துவமனையில் தந்த தாளிலும் இருந்தது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்த அந்தத் தாள் சாமி மேடைக்குக் கீழே மடித்து வைத்தபடியே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்குச் சூடு 38.4. சித்தப்பா பெனடோலைத்தான் தேடினார். சின்னம்மா, "அந்த அக்கா சொன்னாங்க, வண்டிய எடுங்க" என்றார். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்திருந்தன. 5 நாள் வார்டில் வைத்திருந்தார்கள்.

நம் மொழியில், நம் சமையலறையைத் தெரிந்த ஒருத்தி சொன்னால் அது மண்டையில் ஏறுகிறது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள்? மலேசியப் பெண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் இதுதான். இருந்தும், வீதிக்கு வீதி இருக்க வேண்டியவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், என் சின்னம்மாவே ஒளிந்து கொண்டவர்தான்.

2019 ஜனவரி மாதம் முதல் கீமோ போட்டார்கள். மூன்றாவது வாரம் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. சித்தப்பாவே மழித்துவிட்டார். அது தைப்பூச வாரம். தாமானில் எல்லாரும், "தண்ணீர்மலைக்கு வேண்டுதலா?" என்று கேட்டார்கள். சின்னம்மா "ஆமாம்" என்றார். அதோடு கேள்வி நின்றது. முருகனே கொடுத்த சாக்கு என்று நாங்களும் நிம்மதி அடைந்தோம். என் தங்கைக்கு அப்போது வயது 26, மாப்பிள்ளை பார்த்துக் கொண்டிருந்தார்கள். தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் பெண்ணை எடுக்க மாட்டார்கள் என்ற பயம். இத்தனைக்கும் மரபணு வழியாக வருவது 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான். அந்தக் குடும்பங்களிலும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லதே தவிரக் கெட்டதில்லை. இனிப்பு நீர் பரம்பரையாக வருகிறதே, அதை விசாரித்துவிட்டா பெண் எடுக்கிறோம்?

சின்னம்மா வீட்டுச் சமையலறைக்கு நேர் எதிரே, பின் லோரோங்கைத் தாண்டி, இன்னொரு வீட்டுச் சமையலறை. அங்கே ஓர் அக்கா. துணி காயப் போடும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். மீன் விலை, பிள்ளைகள் படிப்பு. மொட்டையைப் பார்த்து வேண்டுதலா என்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். 2019ஆம் ஆண்டு இறுதியில் அவர் மருத்துவமனைக்குப் போனார். நான்காம் கட்டம். 2020இல், நடமாட்டக் கட்டுப்பாடு நடப்பில் இருந்த சமயத்தில், இறந்து போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடச் சவ அடக்கத்துக்குப் போக முடியவில்லை.

சில மாதம் கழித்து அவர் மகள், தங்களிடம் இருந்த எங்கள் வீட்டுச் சோற்றுக் கேரியரைத் திருப்பித் தர வந்தாள். அழுது கொண்டே சொன்னாளாம். "அம்மாவுக்குக் கட்டி இருக்கிறது ஒரு வருஷமா தெரியும் ஆன்ட்டி. நாங்க கூப்பிட்டா வரமாட்டாங்க. இந்தச் சீக்கு வந்து பிழைச்சவங்கள நான் பார்த்ததே இல்ல, எதுக்கு வெட்டிச் சாகணும்னு சொல்வாங்க."

பார்த்ததே இல்லையாம். தினமும் காலையில் எதிரே நின்று துணி காயப் போட்டவர் யார்?

இதைச் சின்னம்மா என்னிடம் சொன்னது ஓராண்டுக்குப் பிறகுதான். சித்தப்பாவிடம் சொல்லவே இல்லை. உங்கள் மேல் குற்றம் இல்லை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை, ஏனென்றால் அந்த மொட்டைப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், நம் நாட்டில் இந்த நோய் கண்ட பெண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு எதிர்வீட்டில் ஒரு மொட்டைப் பொய் இருந்ததோ?

சிகிச்சை முடிந்த பிறகு வருகிற தனிமையையும் சொல்ல வேண்டும். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்ததும் நாங்கள் பிரியாணி போட்டுக் கொண்டாடினோம். அடுத்த வாரத்திலிருந்து யாரும் போன் செய்யவில்லை, "அதான் முடிஞ்சிருச்சே" என்று. அவருக்கோ தமோக்ஸிஃபன் மாத்திரை 2024 வரை, 5 ஆண்டு ஓடியது. குளிர்சாதன மண்டபத்தில் திடீரென்று வியர்த்துக் கொட்டும். இரண்டு துணி துவைத்தால் படுக்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கு முந்திய வாரமும் சாப்பாடு இறங்காது. முதுகு வலித்தால்கூட அதுவாக இருக்குமோ என்ற பயம். அப்போது இரவு 10 மணிக்கு அவர் கூப்பிட்டது என்னை அல்ல, புக்கிட் மெர்தாஜாம் அக்காவை. எனக்கு அதில் சின்னப் பொறாமைகூட இருந்தது. பிறகு புரிந்தது. என்னிடம் சொன்னால் நான் பயந்துவிடுவேன், என்னைத் தேற்றுகிற வேலையும் அவருக்குச் சேரும்.

இப்போது சின்னம்மாவும் மாதம் இரண்டு முறை வார்டுக்குப் போகிறார். பயிற்சி எடுத்துக் கொண்டுதான் போனார், அதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். மருந்தைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஒரே பெயர் கொண்ட நோயாக இருந்தாலும் கட்டியின் வகை வேறு, மாத்திரை வேறு. தனக்கு ஒத்துக்கொண்டது அடுத்தவளுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வேர், சாறு, லேகியம் என்று யாராவது ஆரம்பித்தால், "டாக்டர்கிட்ட காட்டிட்டுச் சாப்பிடுங்க" என்பதோடு சரி. அழுகிறவர்களை அழ விடுகிறார். "தைரியமா இருங்க" என்று மட்டும் சொல்வதே இல்லை.

என் தங்கைக்கு 2022இல் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சின்னம்மாவே முதல் நாள் உட்கார்ந்து சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போகும்போது அவரைத் தனியே அழைத்துப் போய், "எனக்கும் இங்க ஒரு மாதிரி இருக்கு, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாராம். வெறும் நீர்க்கட்டிதான், நன்றாக இருக்கிறார்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. இன்று யாரும் காதில் அவசரப்படுத்தவில்லை, இருந்தாலும் நானே நிறுத்திக் கொள்கிறேன். சின்னம்மா மூன்றாவது வரிசையில், மெரூன் சேலையில் உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவையும் சொல்லலாம் என்று அனுமதி தந்தவர் அவர்தான். கைப்பையில் உள்பை தைத்த ரவிக்கை ஒன்றையும் கொண்டு வந்திருக்கிறார். தேநீர் இடைவேளையில் பெண்கள் மட்டும் பின்னால் இருக்கிற அலங்கார அறைக்கு வரலாம், பிரித்துக் காட்டுவார். அளவு எழுதிக்கொள்ளத் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம்.